கூடலூர் சிக்கிள் செல் டெஸ்ட் கேம்ப், கல்யாணத்துக்கு முன்னாடி போயிட்டு வாங்க

போன மாசம் தம்பியையும் அவன் கட்டிக்கப்போற பொண்ணையும் கூடலூர் பக்கத்துல நடந்த, சிக்கிள் செல்ங்கிற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனை கேம்புக்கு கூட்டிட்டுப் போனேன், விரல் நுனியில ஒரு குத்து அவ்ளோதான், காசு வாங்கல. அந்த நர்சக்காவுக்குத்தான் முழு மார்க், பேப்பர்ல ரெண்டு படம் போட்டாங்க, ஒரு சிவப்பணு நல்ல ரவுண்டா, இன்னொண்ணு கதிரருவா மாதிரி வளைஞ்சு, ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறுனதால வர்ற வினைதான் இதுன்னு பொறுமையா சொன்னாங்க. அந்த ஜீன் அப்பா, அம்மாவுல ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்தவங்கதான் கேரியர், அவங்களுக்கு பெருசா பயமில்ல, மலேரியா முத்தாம காப்பாத்தவும் செய்யும், ஆனா அப்பா அம்மா ரெண்டு பேருமே கேரியரா இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீதம் நோய் வர வாய்ப்பு இருக்கு. ரிசல்ட் வர 9 நாள் ஆக்கிட்டாங்க, அது ஒண்ணுதான் குறை, அம்மா சரியா தூங்கவே இல்ல. தம்பி கேரியர், பொண்ணுக்கு இல்ல.