வால்பாறை: அம்மிச்சிக்கும் அஞ்சு வயசுக்கும் ஒத்துவருமா?

நாங்கள் எட்டுப் பேர். அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) 74 வயது, முட்டி வலி. கடைக்குட்டிக்கு 5, வண்டி வளைந்தாலே வாந்தி. பெரியவன் பத்தாவது பரீட்சை முடித்தவன், போனில் சிக்னல் இல்லாவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஊட்டிக்கு ஏப்ரல் கடைசியில் போனால் பாதி நேரம் ரோட்டில்தான் நிற்கணும், ஏற்காடு போன வருசமே போயாச்சு, கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு என்றதும் வீட்டுக்காரி பெரிய கும்பிடு போட்டுவிட்டாள். சரி, 40 வளைவு பரவாயில்லை என்று வால்பாறை.

பெருந்துறையிலிருந்து விடியக்காலை கிளம்பி, பொள்ளாச்சியில் இளநீர் குடித்து, ஆழியாறு தாண்டி மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் பலகை இருப்பதால் சின்னவனை எண்ணச் சொல்லிவிட்டோம். 9-வது வளைவில் இறங்கி ஆழியாறு அணையைப் பார்த்தோம், பக்கத்துப் பாறையில் வரையாடு நின்றது. சின்னவன் 23-வது வளைவு வரை தாக்குப்பிடித்தான், அப்புறம் வாந்திக் கவர்தான். வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், புளிச்சோறு கட்டிக்கொடுத்து முட்ட முட்டத் தின்னவும் விடாதீர்கள். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம்.

தங்கிய இடத்தில்தான் ஏமாந்தோம். பேரைச் சொல்லவில்லை. டீ எஸ்டேட்டுக்குள்ளே காட்டேஜ், போட்டோவில் சொர்க்கம் மாதிரி இருந்தது, நேரில் போனால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து ரூமுக்கு 32 படி, அதுவும் கைப்பிடி இல்லாத படி. அம்மிச்சி ஒரு தடவை ஏறியதோடு சரி, "நீங்க போய்ட்டு வாங்க கண்ணு" என்று உட்கார்ந்துவிட்டார். வந்ததே அவரோடு இருக்கத்தானே! ராத்திரிச் சாப்பாட்டுக்கு டவுனுக்குத்தான் வரணும். இருட்டினால் பிள்ளைகளை வாசலில்கூட விட முடியாது, சிறுத்தை பிள்ளைகளைத் தூக்கியதாகச் செய்தி வந்த ஊர் இது. போகிற வருகிற பாதையில் யானை வேறு.

ஆனால் கூழாங்கல் ஆறு ஒன்றுக்காகவே மார்க் போடலாம். கணுக்கால் அளவுதான் தண்ணீர். அம்மிச்சி கல்லில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை, சின்னவன் பக்கத்திலேயே கல் பொறுக்கினான், பெரியவன் போனை மறந்தான். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கை வண்டிக்குள்ளிருந்தே பார்த்தோம், நடக்க வேண்டிய வேலையே இல்லை. நல்லமுடி பூஞ்சோலை வியூ பாயிண்டுக்குக் கொஞ்சம் நடக்கணும், அதை அம்மிச்சிக்காக விட்டோம். சோலையாறு அணையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான்.

அஞ்சுக்கு மூணரை கொடுப்பேன். ஜூன் பிறந்துவிட்டால் வயசானவர்களோடு போகாதீர்கள், அங்கே மழை நம்ம ஊர் மழை கிடையாது. டவுனுக்குள்ளேயே கீழ்த்தள ரூம் பாருங்கள். புக் பண்ணும்போது சுடுதண்ணீர், டிவி எல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், வண்டியிலிருந்து கட்டிலுக்கு எத்தனை படி என்று முதலில் கேளுங்கள்.