வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு எந்த மானிட்டர்: 27 அங்குல முழு எச்டியா, 27 அங்குல 4கேயா, 32 அங்குல 4கேயா?

வெள்ளெழுத்து வந்து கிட்டத்தில் எழுத்து தெரியவில்லையென்றால் பெரிய திரை வாங்கிவிடலாம் என்பதுதான் நாற்பதைக் கடந்த பலருடைய கணக்கு. மெய்ப்புப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நானும் அந்தக் கணக்கை நம்பியே 24 அங்குலத் திரையை விட்டு 27 அங்குல முழு எச்டி மானிட்டருக்கு மாறினேன். எழுத்து பெரிதானது உண்மைதான். ஆனால் மாலை நான்கு மணிக்கெல்லாம் ணகரமும் னகரமும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கின.

முழு எச்டி என்றால் திரை எந்த அளவானாலும் 1920×1080 பிக்சல்தான். 27 அங்குலத்தில் அதே பிக்சல்கள் பரந்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.31 மி.மீ. ஆகிவிடுகிறது. ஆனால் 60 செ.மீ. தொலைவிலிருந்து, சரியான கண்ணாடி அணிந்த கண்ணால் சுமார் 0.17 மி.மீ. நுணுக்கத்தைப் பிரித்தறிய முடியும். ஆகவே நாம் படிப்பது பெரிய எழுத்தை அல்ல, பெரிதாக்கப்பட்ட மங்கலை. ஆங்கில எழுத்து இதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். னகரத்துக்கு இரண்டு சுழி, ணகரத்துக்கு மூன்று சுழி, 'கி'யைக் 'கீ' ஆக்குவது கொக்கி நுனியில் ஒரு சிறு சுழிப்பு என்றிருக்கும் தமிழ் தாங்காது.

அதே 27 அங்குலத்தில் 4கே (3840×2160 பிக்சல்) வாங்கினால் பிக்சல் 0.16 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. "4கேயில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது" என்று குறைசொல்பவர்கள் பெரும்பாலும் ஸ்கேலிங்கை, அதாவது எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கிக் காட்டும் கணினி அமைப்பை, 100 சதவீதத்திலேயே விட்டிருப்பார்கள். 200 சதவீதம் வைத்தால் எழுத்தின் அளவு முழு எச்டியில் இருந்ததேதான், ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் நான்கு மடங்கு பிக்சல்கள் வரைகின்றன. ஸ்கேலிங்குக்கு ஒத்துவராத சில பழைய மென்பொருள்கள் மட்டும் இதில் மங்கலாகத் தெரியும். 1440பி (2560×1440 பிக்சல்) திரை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பணம் இடிக்கும்போது அது போதும்.

32 அங்குல 4கேயில் கூர்மை சற்றே குறைவு, பிக்சல் 0.18 மி.மீ.; அதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் பெரிய திரையைத் தள்ளிவைத்துப் படிக்கலாம், தள்ளிப்போகப்போக வெள்ளெழுத்துக் கண்ணுக்கும் பாடு குறைவு. சிக்கல் உயரத்தில் இருக்கிறது. 27 அங்குலத் திரை சுமார் 34 செ.மீ. உயரமென்றால் இது சுமார் 40 செ.மீ. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸாக வரும் ப்ரொக்ரசிவ் கண்ணாடியில் கிட்டத்தில் பார்ப்பதற்கான பகுதி கீழே இருப்பதால், மேல்வரிகளைப் படிக்க முகவாயைத் தூக்க வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் கழுத்து கணக்குக் கேட்கும். கணினித் தொலைவுக்கென்றே தனிக் கண்ணாடி வைத்திருப்பவருக்கும், 75 செ.மீ. தள்ளிவைக்க மேசையில் இடமிருப்பவருக்கும் 32 அங்குலமே மேல். ப்ரொக்ரசிவ் அணிபவருக்கு, நன்றாகத் தாழ்த்தக்கூடிய ஸ்டாண்டுடன் வரும் 27 அங்குல 4கே ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத எல்சிடி வகை) திரையைத்தான் சொல்வேன்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை படம் பார்க்க அருமை. ஆனால் பல மாடல்களில் துணைபிக்சல்களின் (பிக்சலுக்குள் இருக்கும் நிறப்புள்ளிகளின்) அடுக்கு வேறாக இருப்பதால் எழுத்தின் ஓரத்தில் நிறக்கோடு தெரிகிறது. மின்மைத் திரை (மின்நூல் கருவிகளில் வரும் இ-இங்க்) காகிதம்போல இதமானது, விலையோ கையைச் சுடும், ஸ்க்ரோல் செய்யும்போது பழைய எழுத்தின் நிழலும் தங்கும்.

வயதாகும்போது கண்பாவை சிறுத்து, கண்ணின் லென்ஸும் பழுப்பேறுவதால் கூடுதல் வெளிச்சம் தேவைப்படுகிறது. கண்புரை தொடங்கியிருந்தாலோ அதே வெளிச்சம் சிதறிக் கூசவைக்கிறது. ஆகவே பளபளப்பில்லாத மேட் திரையையே எடுங்கள். அதன் வெண்மை பக்கத்திலிருக்கும் காகிதத்தின் வெண்மைக்கு ஒத்துப்போகும்படி வெளிச்சத்தைக் குறையுங்கள்.

கடைக்குப் போகும்போது பென்டிரைவில் ஒரு பக்கத் தமிழ்க் கோப்பை எடுத்துச் சென்று, உங்கள் வழக்கமான கண்ணாடியோடு, வழக்கமான தொலைவில் உட்கார்ந்து 'கண்ணன்', 'கிணி', 'கீனி' என்பவற்றைப் படித்துப் பாருங்கள். வீட்டுக் கணினியில் எச்டிஎம்ஐ 1.4 (திரையை இணைக்கும் எச்டிஎம்ஐயின் பழைய பதிப்பு) மட்டுமே இருந்தால் 4கே திரை நொடிக்கு 30 சட்டகங்களோடு நின்றுவிடும், மவுஸ் இழுபடுவதுபோலத் தோன்றும். அதையும் புறப்படுமுன் பார்த்துக்கொள்வது நல்லது.