பூச்சு பூசும் முன் சுவருக்குள் பாருங்கள்

பெருந்துறைப் பக்கம் பழைய வீட்டில் சமையலறையை மாற்றிக் கட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆள் பெயரைப் போடவில்லை. செய்துவிட்டுப் போன வேலையை மட்டும் முழுசாகச் சொல்கிறேன்.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரைப் பாதி இடித்துத் திறப்பு விட்டோம். அதற்குள் ஓடிய வயரைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றி, கிரைண்டருக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் புதிதாக ஒரு போர்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஹார்டுவேர் கடையில் சொல்லி ஒருவர் வந்தார். பொருளோடு சேர்த்து 18,000 ரூபாய் என்று பேசிப் பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

பூச்சு முடிந்து கொத்தனார் சுவருக்குத் தண்ணீர் விட ஆரம்பித்ததும் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்துகொண்டே இருந்தது. "அது சும்மா சும்மா விழுகுமுங்கக்கா, ஈரம் காஞ்சாச் சரியாப் போயிரும்" என்றார் எலக்ட்ரீஷியன். மறுநாளிலிருந்து விழவில்லை, அவரும் மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஐப்பசி மழையில் ஒருநாள் அம்மா மாவாட்டும்போது கிரைண்டரில் கை வைத்தவர் அலறிவிட்டார். கை உதறிக்கொண்டு வந்ததால் தப்பித்தார், அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

வயர்மேன் லைசென்ஸ் உள்ள ஒருவரை ஈரோட்டிலிருந்து வரவழைத்துச் சுவரை உடைத்துப் பார்த்தோம். முதலில் வந்தவர் நீளம் போதாத பழைய வயரோடு புது வயரை முறுக்கி, டேப் சுற்றி, பெட்டிகூட வைக்காமல் அப்படியே கலவைக்குள் புதைத்திருந்தார். அந்த டேப் கருகிப்போயிருந்தது. இண்டக்‌ஷனுக்கும் கிரைண்டருக்கும் சேர்த்துப் போட்டிருந்தது லைட்டுக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், அங்கே குறைந்தது 2.5 போட்டிருக்க வேண்டும். வயர் ஓடும் பைப்பும் நேராக மேலே ஏறாமல், வயரை மிச்சம் பிடிக்கக் குறுக்காகச் சாய்ந்து ஓடியது. நாளைக்கு அலமாரி மாட்ட யாராவது துளை போட்டால் நேராக வயரில்தான் இறங்கும். பச்சை வயரை, அதாவது எர்த்தை, பழைய இடத்திலேயே வெட்டி விட்டுவிட்டார், புது போர்டில் எர்த்தே கிடையாது.

இதையெல்லாம் விட என்னால் பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. ஆர்சிசிபி விழாமல் போனது ஈரம் காய்ந்ததால் இல்லை. அதன் இரண்டு பக்க வயரையும் கழற்றி நேராக இணைத்திருந்தார், பெட்டியில் அது வெறுமனே நின்றுகொண்டிருந்தது. ஈரக் கலவை வழியாக அந்த ஜாயின்ட்டிலிருந்து கரன்ட் கசிகிறது என்றுதான் அது அத்தனை தடவை சொல்லியிருக்கிறது. வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். அளவுக்கு மேல் கரன்ட் போனால் துண்டிக்கும் எம்சிபி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அந்தக் கசிவு கண்ணிலேயே படாது, ஆளைக் கொல்ல அந்த 16 ஆம்பியரில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம்.

வேலை செய்துவிட்டுப் போனவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "எல்லா வீட்லயும் இப்படித்தானுங்க பண்றோம்" என்றார், அப்புறம் எடுக்கவே இல்லை. எல்லா வீட்டிலும் என்று அவர் சொன்னதால்தான் இந்தப் பதிவு.

சுவருக்குள் வயர் மாற்றினால், பூசுவதற்கு முன் ஒவ்வொரு பைப்பையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஜாயின்ட் எங்கே என்று கேளுங்கள், திறந்து பார்க்க முடிகிற பெட்டிக்குள் இல்லையென்றால் கொத்தனாரைக் கலவை போட விடாதீர்கள். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். வேலை முடிந்ததும் அதை உங்கள் கையால் அழுத்திப் பாருங்கள், எங்கள் வீட்டில் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

போன வாரம் அதே ஆள் எங்கள் அடுத்த வீதியில் ஒரு வீட்டுக்கு பைப் புதைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரரிடம் நேராகப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பூச்சு வேலையை அவர் நிறுத்தி வைத்திருக்கிறார்.