பென்சில் சுருக்கெழுத்தா, ஸ்டெனோடைப்பா?

கோபி, ஈரோடு பக்கம் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கெழுத்து என்றால் பிட்மன்தான். 1837-இல் வந்த முறை. பென்சிலும் கோடு போட்ட நோட்டும் போதும். ‘பேப்பர்’ என்பதன் முதல் ஒலிக்கு மெல்லிய கோடு. ‘பஸ்’ என்பதன் முதல் ஒலிக்கு அதே கோடு, அழுத்தமாக. தமிழிலும் எழுதலாம், அரசுத் தேர்வும் உண்டு. வேகத்தில் உயிரொலிப் புள்ளிகளை விட்டுவிட்டால், திரும்பப் படிக்கும்போதுதான் திண்டாட்டம்.

ஸ்டெனோடைப் என்பது சுருக்கெழுத்துக்கான தட்டச்சுக் கருவி. அதில் 22 விசைகள், மேலே ஓர் எண்பட்டை. ஒவ்வொன்றாகத் தட்டக் கூடாது. ஆர்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அமுக்குவதுபோல ஓர் அசையை ஒரே அமுக்கில் முடிக்க வேண்டும். இடது கைக்கு முதல் மெய், கட்டைவிரல்களுக்கு உயிர், வலது கைக்குக் கடைசி மெய். ஆங்கிலத்தில் பூனைக்கான ‘கேட்’ என்ற சொல்லை எழுத, ஒலிப்படி இடப்பக்கம் கே, நடுவில் ஏ, வலப்பக்கம் டி, மூன்றும் ஒன்றாக. எல்லா எழுத்துக்கும் தனி விசை கிடையாது. இடது கையில் ஹெச்சும் ஆரும் சேர்ந்தால் எல். பியும் ஹெச்சும் சேர்ந்தால் எம். இந்தச் சேர்க்கைகள் விரலில் ஊறும்வரை வேகத்தை நினைக்கவே வேண்டாங்க. பழகியவர்கள் நிமிடத்துக்கு 200 சொற்களைத் தாண்டுகிறார்கள். கணினி உடனுக்குடன் ஆங்கிலமாக்கிவிடும்.

தொழில்முறைக் கருவி லட்ச ரூபாயைத் தாண்டும். ஆனால் சாதாரணக் கணினியிலேயே ஸ்டெனோடைப் அடிக்க உதவும் ‘ப்ளோவர்’ மென்பொருள் இலவசம். பல விசைகளை ஒரே நேரத்தில் ஏற்கும் விசைப்பலகை இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம்.

உள்ளூரில் அரசு வேலைதான் குறி என்றால், தயங்காமல் பிட்மன். நேரலையில் பேசுவதை உடனுக்குடன் திரையில் எழுத்தாக்கும் ஆங்கில வசன வேலையில் ஆசை என்றால் ஸ்டெனோடைப்; தினமும் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.