பெருங்கடையின் ‘இயற்கை’ அடுக்கும் ஒரு கிலோ மாப்பிள்ளைச் சம்பாவும்

எங்கள் பகுதியில் புதிதாகத் திறந்துள்ள பெருங்கடையில், ‘இயற்கை’ என்று பச்சை எழுத்தில் பலகை மாட்டிய தனி அடுக்கிலிருந்து, பாரம்பரியச் சிவப்பரிசி ரகமான மாப்பிள்ளைச் சம்பா ஒரு கிலோ வாங்கிவந்தேன். அரிசியைக் குறை சொல்வதற்கில்லை. கல் இல்லை, தவிட்டின் செம்மை மாறவில்லை. இரவு முழுதும் ஊறவைத்துக் காலையில் காய்ச்சிய கஞ்சி மதியம் வரை பசி தாங்கியது.

மனக்குறை உறையைப் பற்றியதுதான். முன்புறம் வயலும் ஏர்மாடும் அச்சிடப்பட்டிருக்க, பின்புறம், சான்று பெற்ற ஆர்கானிக் உணவுக்கான அரசின் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையோ, சான்று எண்ணோ, நெல் விளைந்த ஊரின் பெயரோ இல்லை. ஆர்கானிக் உணவுக்கான 2017-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உழவர் தாமே நுகர்வோரிடம் நேரடியாக விற்கும்போது சான்றிலிருந்து விலக்கு உண்டு. ‘ஆர்கானிக்’ என்று உறையிலடைத்து விற்கும் நிறுவனத்துக்கு அந்த விலக்கு இல்லை. அச்சொல்லைத் தவிர்த்து ‘இயற்கை’ என்று நிறுத்திக்கொண்டதன் சூட்சுமம் இதுதானோ?

இத்தகைய ரகங்கள் மீண்டதில், பாரம்பரிய நெல் விதைகளைத் திரட்டிப் பரப்பிய நெல் ஜெயராமனின் பங்கு பெரிது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாக்களில், 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவதே ஏற்பாடு. அந்தக் கைமாற்றத்தின் சுவடு இவ்வுறையில் எங்குமில்லை. இயற்கையோடு இயைந்த சாகுபடியான வேளாண் சூழலியலைப் பேசும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பே, பூச்சிக்கொல்லி நிறுவனங்களின் கூட்டமைப்பான கிராப்லைஃப்புடன் 2020 அக்டோபரில் கைகோத்தது என்றிருக்க, ஒரு கடை அடுக்கிடம் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன் போலும்.

சுவைக்காக வாங்கலாம், பலகையை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். அடுத்த கிலோவை விளைவித்தவரிடமே கேட்டு வாங்க எண்ணியிருக்கிறேன்.