சாப்ளினா, கீட்டனா: மௌனப் படங்களை எவரிடமிருந்து தொடங்குவது?

மௌனப் படங்களைப் புதிதாகப் பார்க்க விரும்புவோர் பலர், சார்லி சாப்ளினுக்கும் பஸ்டர் கீட்டனுக்கும் இடையே தடுமாறுகின்றனர். இருவரும் மேடையில் வளர்ந்து ஹாலிவுட்டுக்கு வந்தவர்கள். நடிப்பு, கதை, இயக்கம் மூன்றையும் கையாண்டவர்கள்.

நகைச்சுவை: சாப்ளின் சிரிப்பினூடே கண்ணீரையும் வரவழைப்பார். கீட்டனின் முகமோ எது நேர்ந்தாலும் சலனமற்றிருக்கும். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மீது சாய, திறந்த சன்னலுக்கு நேராக நின்றதால் அவர் தப்பும் காட்சி, உண்மையிலேயே கனமான சுவரை விழச்செய்து எடுக்கப்பட்டது என்று அறிந்தபின் பார்த்தால் இன்றும் நெஞ்சு பதறும்.

சுதந்திரம்: சாப்ளின் 1919இல் நடிகர்கள் மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், இயக்குநர் கிரிஃபித் ஆகியோருடன் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பட விநியோக நிறுவனத்தைத் தொடங்கினார், ஆகவே பேசும்படங்கள் பரவிவிட்ட 1931இலும் 'சிட்டி லைட்ஸ்' படத்தை வசனமின்றியே வெளியிட அவரால் முடிந்தது. கீட்டன் 1928இல் எம்.ஜி.எம். என்ற பெரும் ஹாலிவுட் பட நிறுவனத்தில் சேர்ந்து தம் படங்களின்மீதான பிடியை இழந்தார். அதனைத் தம் வாழ்வின் பெரும் பிழையாகவே பின்னர் கருதினார்.

நேரம்: கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) ஏறத்தாழ 45 நிமிடம், 'சிட்டி லைட்ஸ்' அதைப்போல் இருமடங்கு.

கதையும் உருக்கமும் வேண்டுவோர் சாப்ளினிடம் செல்லலாம். பொறுமை குறைந்தவர்களுக்கும், கேமராவின் சாகசங்களை விரும்புவோருக்கும் கீட்டனே பொருத்தமானவர். என் சாய்வும் அவர்பக்கமே.