வி.ஆர். ஒலி: ஸ்டீரியோவா, அம்பிசோனிக்ஸா, ஆப்ஜெக்ட் ஒலியா?

பொம்மலாட்டத்தில் பாடுபவர் திரைக்குப் பின்னால் இருப்பார். நமக்கோ பொம்மை பாடுவதாகவே கேட்கும். கண் காட்டும் இடத்துக்கு ஒலி இழுபடும். வி.ஆரிலும், அதாவது கண்ணில் மாட்டும் ஹெட்செட் காட்டும் மெய்நிகர் உலகிலும், இதே கதைதான். எதிரே வாயசைக்கும் உருவம் நின்றால், குரல் பத்து டிகிரி தள்ளி வந்தாலும் பெரும்பாலோருக்குத் தெரியாது. முதுகுப் பக்கம் கண்ணின் உதவி இல்லை, அங்கே காது தனியாள். எனவே எந்த முறையையும் முன்னால் தெரியும் பொருளை வைத்துச் சோதித்தால் எல்லாமே பாஸ் ஆகிவிடும். பின்னால் ஒரு கண்ணாடித் தம்ளரை உடைத்துப் பாருங்கள், அப்போது சாயம் வெளுக்கும்.

சாதாரண ஸ்டீரியோவுக்குச் செலவே இல்லை. ஆனால் தலையைத் திருப்பினால் ஒலியும் கூடவே திரும்பும். வலப்பக்கம் பேசுபவரைத் திரும்பிப் பார்த்தால் முகம் நேரே வந்துவிடும், குரல் மட்டும் வலக்காதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னணி இசைக்கும் வர்ணனைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவை தலையோடு வருவதே நல்லது.

அம்பிசோனிக்ஸ் என்பது ஒரு புள்ளியைச் சுற்றி எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒலியைப் பிடிக்கும் முறை; வரிசை (order) கூடக் கூடத் திசை துல்லியமாகும். 360 டிகிரி வீடியோ எடுப்பவர்களுக்கு முதல் வரிசை போதும். நான்கு சேனல்கள், தலை திரும்பும்போது ஒலிப்புலம் எதிர்த்திசையில் சுழன்று ஈடுகட்டும். குறை என்னவென்றால், சுமார் 600 ஹெர்ட்ஸுக்கு மேல் திசை மங்கத் தொடங்கும். மூன்றாம் வரிசைக்குப் போனால் அந்த எல்லை 1900 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறும், சேனல்களோ 16 ஆகிவிடும். எத்தனை வரிசை கூட்டினாலும், மைக் இருந்த புள்ளியில் பிடித்த ஒலி அது. அருவியை நோக்கி நடந்தால் படம் நெருங்கும், இரைச்சல் நெருங்காது. நடமாட்டம் உள்ள ஆப்புக்கு இதை மட்டும் நம்பக் கூடாது.

அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று: அம்பிசோனிக்ஸின் இரு கோப்பு வடிவங்களில் ஃபியூமா கோப்பை ஆம்பிஎக்ஸ் என்று எண்ணி ஏற்றிவிடுவது. முன்னதில் சேனல்களை அடுக்கும் முறை டபிள்யூ (மொத்த ஒலி), எக்ஸ் (முன்பின்), ஒய் (இடம் வலம்), இசட் (மேல் கீழ்). பின்னதில் டபிள்யூ, ஒய், இசட், எக்ஸ். மாறிப்போனால் முன்னால் தட்டிய கை இடப்பக்கம் கேட்கும், இடப்பக்கம் தட்டியது தலைக்கு மேல் கேட்கும். பதிவின் தொடக்கத்தில் கேமராவுக்கு நேர் முன்னே ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை கைதட்டி வைத்தால் இரண்டே வினாடியில் கண்டுபிடித்துவிடலாம்.

விளையாட்டுக்கும் பயிற்சி ஆப்புக்கும் எங்கள் ஓட்டு ஆப்ஜெக்ட் ஒலிக்குத்தான். ஒவ்வொரு ஒலியும் மோனோவாக (ஒற்றைச் சேனலாக), தனக்கான இடத்தோடு இருக்கும். தலையும் காதும் ஒவ்வொரு திசை ஒலியையும் எப்படி மாற்றுகின்றன என்பதைப் போலச் செய்யும் எச்.ஆர்.டி.எஃப். வடிகட்டி அதை இரு காதுக்கும் பிரித்துத் தரும். இரு காதுக்கும் இடையே வரும் அதிகபட்ச நேர வித்தியாசம் ஏறக்குறைய 0.7 மில்லிவினாடிதான், அதை வைத்தே இடம் வலம் தெரிந்துவிடும். உயரமும் முன்பின்னும் அப்படியல்ல. அவற்றைக் காட்டிக்கொடுப்பது காதுமடலின் வளைவுகள், அதுவும் முக்கியமாக 5 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும். தலைக்கு மேல் மோட்டார் உறுமல் வைத்துவிட்டு ‘உயரமே தெரியவில்லை’ என்று புலம்பிப் பயனில்லை. உறுமலோடு கொஞ்சம் ‘சர்ர்’ சத்தமும் வேண்டும்.

பொது எச்.ஆர்.டி.எஃப். எல்லார் காதுக்கும் பொருந்தாது, முன்பின் குழப்பம் வரும். ஆனாலும் தலையைச் சற்று அசைத்தாலே அந்தக் குழப்பம் பெரிதும் தீரும். ஆளுக்கேற்ற அளவெடுப்பில் பணத்தைக் கொட்டுமுன் ஹெட் டிராக்கிங் (தலையசைவைப் பின்தொடர்வது) தாமதத்தைக் குறைப்பதே கெட்டிக்காரத்தனம். எதிரொலி கலந்த பதிவையும் உள்ளே விடாதீர்கள். அதற்காக எதிரொலியே இல்லாமலும் விடக் கூடாது. டைல்ஸ் பதித்த பெரிய கூடம் கண்ணில் தெரிய, குரல் மட்டும் போர்வைக்குள் பேசுவதுபோல் வந்தால், ஒலி வெளியே நிற்காமல் மண்டைக்குள் புகுந்துகொள்ளும். எதிரொலி இல்லாத உலர்ந்த மோனோவாகப் பதிந்து, அறை அளவையும் சுவர்ப் பொருளையும் ஒலி எஞ்சினில் (மென்பொருளில்) கொடுங்கள், எதிரொலியை அது சேர்த்துக்கொள்ளும்.

இடத்தில் கண் ஜெயிக்கும், நேரத்தில் காது ஜெயிக்கும். ஒரே ஒரு ஒளிமினுக்கோடு இரண்டு ‘பீப்’ அடுத்தடுத்துக் கொடுத்தால், பலருக்கு இரண்டு மினுக்குகள் தெரியும். 2000இல் வெளியான ஆய்வு இது. மோதல் ஒலி தவறி இரட்டையாக ஒலித்தால் காட்சியையே குறை சொல்வார்கள். ஒரே பொருளின் ஒலி மறுபடி எழ 100 மில்லிவினாடியாவது இடைவெளி வையுங்கள்.

இனி படமும் ஒலியும் நேரத்தில் பொருந்துவது பற்றி. ஆற்றின் அக்கரையில் துணியைக் கல்லில் அடிப்பது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். 100 மீட்டருக்குக் கால் வினாடிக்கு மேலேயே ஆகும். இதற்குப் பழகிய மூளை, பிந்தி வரும் ஒலியைப் பொறுக்கும், முந்தி வருவதைப் பொறுக்காது. ஐ.டி.யூ.வின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலோ 125 மில்லிவினாடி பிந்தினாலோ கண்டுபிடித்துவிடுவார்கள். அது உட்கார்ந்து டி.வி. பார்ப்பவருக்கான கணக்கு, தன் கையாலேயே வி.ஆர். பறையைத் தட்டுபவர் இன்னும் கறார். வழக்கமான புளூடூத் இயர்போன் 150 முதல் 250 மில்லிவினாடி வரை தின்றுவிடும். படம் பார்க்க ஓடும், ஏனெனில் பிளேயர் காட்சியைத் தள்ளிவைத்து ஈடுகட்டலாம். கையசைவைத் தள்ளிவைக்க வழியில்லை. வயர் ஹெட்போனோ ஹெட்செட்டின் சொந்த ஸ்பீக்கரோதான் சரி. ஸ்பீக்கரில் பேஸ் குறையும், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் 3.5 மி.மீ. ஜாக் உண்டு, 3எஸ்ஸில் இல்லை; அதற்கு யூ.எஸ்.பி.-சி அடாப்டர் வாங்க வேண்டும்.

அதற்கும் பிறகு ஒலி பிந்துகிறதென்றால் பஃபரை, அதாவது ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டின் அளவைப் பாருங்கள்: 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்பது 21 மில்லிவினாடி, 256 என்றால் ஐந்தரைக்கும் கீழே. குறைத்த பின் ‘டக் டக்’ என்று வெட்டினால் 512க்கு ஏற்றிவிடுங்கள்.